நூற்று அறுபத்தெட்டாம் மரம்

செங்கோட்டையன் என்னை நம்பவில்லை. பார்த்த முதல் நாளும் நம்பவில்லை, போட்டி அன்றைக்கும் நம்பவில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும், எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திருடியைப் பார்ப்பதுபோல் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் நான் பொறுமையாக உட்கார்ந்திருக்கிற ரகம் இல்லை. இருந்தும் அன்றைக்கு உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்த மனிதரைப் பற்றி எழுதவும் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் யுஸ்ரா. கோட்டைமேட்டில் எங்கள் அத்தா வைத்த வாடகைப் பாத்திரக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்குப் பிரியாணி அண்டா வேண்டுமென்றால் எங்களிடம்தான் வரவேண்டும். அது பிழைப்பு. பொழுதுபோக்கு, ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக வயர்லெஸ் வைத்துப் பேசுகிற கூட்டம் நாங்கள். சம்பளம் கிடையாது. புயல், வெள்ளம் வந்தால் தேடி வந்து கூப்பிடுவார்கள். மற்ற நாளில் வேலைவெட்டி இல்லாத கும்பல் என்பார்கள், என் மாமியார் உட்பட.

போன தை மாதம் எங்களை ஒரு டிரையத்லான் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி நீச்சல் குளத்தில் நீந்தி, ஈரம் காயும் முன்னே சைக்கிள் ஏறி அவிநாசிப் பக்கத்துக் கிராமச் சாலைகளைச் சுற்றி வந்து, அதற்கப்புறம் ஓட வேறு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்குழம்பு வாசம் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்க வேண்டிய ஜனங்கள் எதற்கு இப்படி உடம்பை வருத்துகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர்கள் விழுந்து எழுந்தால் யாராவது தகவல் சொல்ல வேண்டுமே, அதற்கு நாங்கள்.

சைக்கிள் பாதையில் நொச்சிக்காட்டுப் பள்ளம் என்று ஓர் இடம் உண்டு. சாலை சட்டென்று இறங்கி, ஓடைமேல் ஒரு தரைப்பாலத்தைக் கடந்து, மறுபடி ஏறும். அந்த இறக்கத்தில் எந்த ஃபோனும் எடுக்காது. ஆகவே பள்ளத்துக்குள் போகிறவர்களின் நம்பரை இறங்குகிற முனையில் எங்கள் கூட்டத்துப் பெண் சாய்ப்ரியா சொல்ல வேண்டும், ஏறி வெளியே வருகிறவர்களின் நம்பரை அந்த முனையில் நான் சொல்ல வேண்டும். கல்லூரியில் கண்ட்ரோலாக உட்கார்ந்திருக்கும் பாலகோபால் சார் இரண்டையும் ஒத்துப்பார்த்துக்கொள்வார். உள்ளே போனவர் வெளியே வரவில்லை என்றால் ஆம்புலன்ஸ். இதற்கு என் பக்கத்தில் உயரமாக ஒரு கம்பம் வேண்டும். பள்ளத்திலிருந்து வருகிற குரலை அந்தக் கம்பத்து ஆன்டெனா வாங்கி, கீழே என் பெட்டி வழியாகக் கல்லூரி வரைக்கும் தள்ளிவிடும். கம்பம் சாய்ந்தால் அந்தப் பக்கமே ஊமை.

போட்டிக்கு முந்தைய வாரம் இடம் பார்க்கப் போனேன். சாலை ஏறி முடிகிற இடத்தில் ஒரு மேட்டுத் தோட்டம். தென்னை, நடுவில் கிணறு, ஓரமாக ஓட்டு வீடு. மேட்டில் நின்று கையடக்க வயர்லெஸ்ஸில் பேசிப் பார்த்தேன், கணீரென்று போயிற்று. துள்ளிக் குதிக்காத குறைதான். கம்பத்தை எங்கே நடலாம் என்று காலால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க அம்மணி, மண்ணுல என்னத்தப் பாக்கறீங்க?"

அவர்தான் செங்கோட்டையன். அறுபது வயதிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு கடப்பாரை. பேச்சில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. கடப்பாரையைத்தான் கீழே வைக்கவில்லை.

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். கடைக்காரியின் சிரிப்பு, பழக்கதோஷம். "ஒண்ணுமில்லீங்ணா. ஒரு கம்பம் நடறதுக்கு எடம் பாக்கறேன். ஒரே ஒரு நாளைக்குத்தான்."

அவர் முகம் அப்படியே இருண்டுபோயிற்று. "என்ன கம்பமுங்க? ஆரு அனுப்புனாங்க?"

"சைக்கிள் போட்டிங்ணா. அதுக்கு வயர்லெஸ் வைக்கறோம்."

"சைக்கிளுக்கு எதுக்குங்க கம்பம்?"

நான் விளக்கினேன். விளக்க விளக்க அவர் கண் சுருங்கிக்கொண்டே போயிற்று. என் கையில் இருந்த வயர்லெஸ்ஸைப் பார்த்தார், ஸ்கூட்டர் நம்பர் பிளேட்டைப் பார்த்தார், சாலையில் வேறு வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. கோயமுத்தூரில் முக்காடு போட்ட பெண் கையில் வயர்லெஸ் இருந்தால் எத்தனை பேர் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கு அனுபவம் உண்டு. இவரும் அந்தக் கேஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்ணா, நான் முக்காடு போட்டிருக்கறதாலதானே சந்தேகப்படறீங்க? நேராவே கேட்டுருங்க."

அவர் என்னை விழித்துப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் பிடிபடவில்லை. "முக்காட்டுக்கும் இதுக்கும் என்னங்க சம்மந்தம்? நீங்க ஆரா இருந்தா எனக்கென்னங்க. சர்வேயா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

சர்வேயா? நானா? சொந்தக் கடையில் அண்டா எத்தனை இருக்கிறது என்றே எனக்குச் சரியாகத் தெரியாது.

நல்லவேளையாக அவர் மனைவி பாவாத்தாள் அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கடப்பாரைக்காரர் முறைத்துக்கொண்டு நிற்க, அக்காதான் விஷயத்தைச் சொன்னார்.

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க அம்மணி. வாரவங்க போறவங்களுக்கெல்லாம் எளநி வெட்டிக் குடுத்துட்டுத்தான் இருந்தாரு. ஒரு நா ரெண்டு பேரு வந்தாங்க. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாங்க, தோட்டம் அருமைன்னாங்க. கெணத்துமேட்டு மரத்துல இருந்து எளநி வெட்டிக் குடுத்தாரு. குடிச்சுப்போட்டு, மண்ணத் தட்டிப் பாத்துட்டுப் போனாங்க. அடுத்த வாட்டி டேப்போட வந்தாங்க. அதுக்கடுத்த வாட்டி மொளக்குச்சியோட."

ஒரு கம்பெனி அந்த வழியாகப் பூமிக்கடியில் எரிவாயுக் குழாய் கொண்டுபோகிறதாம். குச்சி அடித்த கோடு நேராகக் கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே போயிற்று. குழாய் போகிற நிலத்தில் மரம் கூடாது, கிணறு கூடாது, வீடு கட்டக் கூடாது. தோட்டத்துத் தென்னை ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டார்கள். எந்த மரத்து இளநீரைக் குடித்தார்களோ அந்தக் கிணற்றுமேட்டு மரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு.

அந்தக் கிணறு செங்கோட்டையனும் அவர் அப்பாவும் வெட்டியது. பாறை வந்து நின்றபோது சுற்றுவட்டாரமே கைவிடச் சொன்னதாம், இவர்கள் விடவில்லையாம். சித்திரையிலும் வற்றாத கிணறு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அதற்கு ஆபத்து என்றதும் மனிதர் முளைக்குச்சிகளை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். சாலை மறியலில் படுத்தார். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்க் கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்து மாலையில் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு மரம் மரமாகத் தேய்த்தார். நம்பர் போய்விட்டது, சிவப்புக் கறை இன்னும் இருக்கிறது.

"இப்ப அந்தத் திட்டம் போயிருச்சுங்களா அக்கா?" என்று கேட்டேன்.

பதில் செங்கோட்டையனிடமிருந்து வந்தது. "போகலீங்க. நின்னுருக்குது."

அப்புறம் எப்படிச் சம்மதித்தார் என்கிறீர்களா? பாவாத்தாள் அக்காதான் பேசிப் பேசிக் கரைத்தார். ஆனால் மனிதர் போட்ட நிபந்தனைகள் இருக்கிறதே, அடேயப்பா! மண்ணில் ஒரு குச்சிகூட இறங்கக் கூடாது. மரத்தில் கயிறு கட்டக் கூடாது. கல் அடுக்கக் கூடாது. அப்படியென்றால் கம்பம் எப்படி நிற்கும், ஆகாசத்திலா? நான் கேட்டே விட்டேன். அவர் யோசித்து, தன் கட்டிலைக் காட்டினார். நாடாவால் பின்னிய இரும்புக் கட்டில். கம்பத்தைக் கட்டில் காலோடு கட்டிக்கொள்ளலாம், கட்டில்மேல் அவரே பாரத்துக்கு உட்கார்ந்துகொள்வார். பாரத்துக்குப் பாரம், காவலுக்குக் காவல்.

போட்டி நாள் விடிந்ததும் போய்ச் சேர்ந்தேன். பாவாத்தாள் அக்கா மகளின் பிரசவத்துக்குப் பவானி போயிருந்தார். தோட்டத்தில் செங்கோட்டையன் மட்டும். கட்டில் தயாராக மேட்டில் கிடந்தது. கம்பத்தைக் கட்டினோம். அவர் ஏறி உட்கார்ந்தார், கம்பம் நிமிர்ந்து நின்றது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் கிளப்பில் இவ்வளவு நேராக ஒரு கம்பம் நின்று நான் பார்த்ததில்லை.

"பையில என்னங்க?" என்றார்.

பையில் கம்பத்துக்குக் கயிறு கட்ட வழக்கமாக எடுத்துப்போகிற இரும்பு முளைகளும் சுத்தியலும் இருந்தன. வெளியே எடுத்து வைத்துவிட்டு வர மறந்துபோயிருந்தேன். இதை இவரிடம் காட்டினால் கதை கந்தலாகிவிடும். போதாக்குறைக்கு அந்தக் கேள்வி கேட்ட தோரணை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"பொம்பளை பையத் தொறந்து காட்டச் சொல்றீங்களா?" என்று சீறினேன்.

பாவம், மனிதருக்கு முகம் சிறுத்துப்போயிற்று. "அய்யோ, அப்படி இல்லீங்க அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க," என்று திரும்பிக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் அவர் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை. நானும் பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினேன். தள்ளியதையும் அவர் பார்த்தார்.

சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. தலைக்கவசத்திலும் புஜத்திலும் நம்பர். நான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். "கண்ட்ரோல், மேடு பேசறேன். நைன். த்ரீ டூ. ஒன் ஒன் ஃபோர். மூணு பேரும் வெளியே வந்தாச்சு." எதிர்முனையில் பாலகோபால் சார் அதே நம்பரைத் திருப்பிச் சொல்வார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும், பொத்தானை ஒரு விநாடி அதிகம் அமுக்கினாலும் எல்லார் காதிலும் விழும்படி திட்டுவார்.

சற்று நேரத்தில் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பினால், செங்கோட்டையனின் முகம் வெளிறிக் கிடந்தது.

"என்ன நம்பருங்க சொல்றீங்க?"

"சைக்கிள் நம்பருங்ணா."

"ஒம்பது கேட்டுக்கிட்ட மரம். முப்பத்திரண்டு மோட்டார் ரூமுப் பக்கம். நூத்திப் பதினாலு வேலி ஓரம்." விரல் மரம் மரமாகச் சுட்டியது. "ஒவ்வொண்ணா ஆபீசுக்குச் சொல்றீங்க. அங்க ஒரு ஆளு எழுதிக்கறாப்ல."

யா அல்லாஹ்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். நான் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், சாலைக்கும் எனக்கும் நடுவில் இருந்தவை அவருடைய தென்னைகள். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் நான் மரங்களைப் பார்த்துத்தான் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்பச் சரி," என்றேன் எரிச்சலோடு. "நான் சொல்ற நம்பரு சைக்கிள்ல வருதா இல்லியான்னு நீங்களே பாருங்க. வரலீன்னா என் சட்டையப் புடிங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் ஐயா! அன்றைக்கு அந்த மனிதர் பார்த்த பார்வையைப் பாலகோபால் சாரே பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார். நான் ஒரு நம்பரைச் சொன்னதும் சைக்கிளைத் தேடுவார். இருந்தால் "ம்" என்பார். அந்த "ம்" எனக்கு எவ்வளவு ஆத்திரமூட்டியது என்று சொல்லி முடியாது. அடுத்த நம்பர், அடுத்த "ம்". நடுநடுவே என் பைமேல் ஒரு கண்.

வெயில் ஏறிய நேரத்தில் ஒரு கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு மேடேறி வந்தது. வெயில் நேராக என் கண்ணில் அடித்தது. வேர்வையில் அவர்கள் கை நம்பரெல்லாம் வேறு கலைந்திருந்தது. கடகடவென்று சொல்லிமுடித்தேன். கடைசி நம்பர், "ஒன் சிக்ஸ் எயிட்."

"ம்" வரவில்லை.

"நூத்தி அறுபத்தெட்டு எங்கீங்க?" என்றார் செங்கோட்டையன்.

"இப்பப் போச்சே, பாக்கலியா?"

"போனது நூத்தி எம்பத்தாறு. நூத்தி அறுபத்தெட்டு வரவே இல்லை." கட்டில் விளிம்புக்கு வந்துவிட்டார். "அது என்ற கெணத்துமேட்டு மரமுங்க! ஆளே வராம மரத்த எழுதிப்போட்டீங்க. எனக்குத் தெரியும். இதுக்குத்தான் வந்தீங்கன்னு மொதல் நாளே தெரியும்!"

எனக்கு வந்ததே கோபம்! காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் ஒன்றாகப் பொங்கியது. இந்த ஆளுக்கு இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடுகிறேன் என்று பொத்தானை அமுக்கினேன். "சாய்ப்ரியா, மேடு. நூத்தி அறுபத்தெட்டு, நூத்தி எம்பத்தாறு, ரெண்டும் உன்னத் தாண்டுச்சா?"

"தாண்டுச்சுக்கா. நூத்தி அறுபத்தெட்டு கொஞ்சம் முன்னாடியே போயிட்டாரு. நல்ல வேகம். எம்பத்தாறு இப்பத்தான் அந்தக் கூட்டத்தோட போச்சு."

செங்கோட்டையன் சொன்னதுதான் சரி. ஏறிப்போனது நூற்று எண்பத்தாறு. வேகமாக வந்த நூற்று அறுபத்தெட்டு பள்ளத்துக்குள் போனவன் வெளியே வரவே இல்லை. நானோ அவன் பத்திரமாக வந்துவிட்டதாகச் சொல்லிமுடித்திருந்தேன். இனி யாரும் அவனைத் தேட மாட்டார்கள்.

கண்ட்ரோலைக் கூப்பிட்டுத் திருத்தினேன். பாலகோபால் சார் திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. பள்ளத்துக்கு வைத்திருந்த ஆம்புலன்ஸ் கால் பிடித்துக்கொண்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு பெரிய ரோடு வரை போயிருக்கிறதாம், உடனே திருப்புகிறேன் என்றார்.

"அவன் பின்னாடி போனவங்க எல்லாம் ரோட்டுலயே பாத்திருப்பாங்களே, ஏன் ஒருத்தரும் சொல்லலை?" என்று நான் வாய்விட்டே புலம்பினேன்.

செங்கோட்டையன் என்னைப் பார்த்தார். "நெசமாலுமே ஆளுங்களா?" என்றார்.

"ஆளுதாங்ணா! உசுருள்ள ஆளு!"

"அப்பத் தரைப்பாலத்துக்கிட்டத்தானுங்க. கைப்பிடிச் சொவரு இடிஞ்சு கெடக்குது. உழுந்தா முள்ளுக்குள்ள போயிருவாங்க, ரோட்டுல இருந்து பாத்தாத் தெரியாது."

சொல்லிவிட்டு எழுந்தார். கம்பம் சாய்ந்தது. நான் பாய்ந்து பிடித்தேன். அவர் அப்படியே நின்றார். கிணற்றைப் பார்த்தார். சிவப்புக் கறை படிந்த மரங்களைப் பார்த்தார். கடைசியாக என் பையைப் பார்த்தார். நான் கம்பத்தை விட்டுப் போக முடியாது, போனால் பள்ளத்தோடு பேச்சே கிடையாது. அவர் போனால், அந்தத் தோட்டத்தில் நானும் என் பையும் மட்டும்தான்.

என்ன நினைத்தாரோ, தன் மொபெட்டை நோக்கி ஓடினார். நான் மாற்று வயர்லெஸ்ஸை நீட்டினேன். லைசென்ஸ் இல்லாதவர் அதில் பேசக் கூடாது, ஆனால் ஆள் கிடக்கும்போது சட்டமா பேசிக்கொண்டிருக்க முடியும்? "இத அமுக்கிட்டுப் பேசுங்க," என்று கத்தினேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனார்.

அதற்கப்புறம் அந்தக் கம்பத்தோடு நான் பட்ட பாடு! காற்று வேறு கிளம்பியது. கட்டில்மேல் நானே உட்கார்ந்தும் பார்த்தேன், என் எடைக்குக் கம்பம் அடங்கவில்லை. தோளை முட்டுக் கொடுத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்து, இன்னொரு கையில் வயர்லெஸ். காலடியில் பை. ஒரே ஒரு முளையை மண்ணில் அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும், கம்பம் தானாக நிற்கும். பார்க்க யாரும் இல்லை. பை வரைக்கும் என் கால் போனது உண்மை. பிறகு, என்னை நம்பித் தோட்டத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்ற நினைப்பு வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காலை இழுத்துக்கொண்டேன்.

அப்போது குரல் வந்தது.

"ஏனுங்க, கேக்குதுங்களா? ஆளு இருக்கறாருங்க. பாலத்துக்குக் கீழ, கெழக்கால பக்கமுங்க. காலு மடங்கிக் கெடக்குது. நெத்தியில ரத்தமுங்க. மூச்சு இருக்குதுங்க."

சொல்லிவிட்டுப் பொத்தானை விடவில்லை. விட வேண்டும் என்று நான் சொல்லித்தரவில்லை. எங்கள் ஸ்டேஷன்கள் எல்லாவற்றிலும் அவர் குரல் ஓடிக்கொண்டே இருந்தது, வேறு யாரும் குறுக்கே பேச முடியாது.

"கண்ணு, ஏங்கண்ணு, கண்ண மூடாத. பேரென்ன?" முனகலாக ஒரு குரல் ரவிதேஜா என்றது. "செரி கண்ணு. அம்மாவுக்குச் சொல்லிப்போடலாம், பயப்படாத. இந்தத் துண்ட அமுக்கிப் புடிச்சுக்கறேன், சித்த வலிக்கும். பேசிட்டே இரு. என்ன சோலி பண்றே?" சாஃப்ட்வேர் என்றான் பையன். "சர்வே கிர்வே இல்லியே?" இல்லீங்க என்றான். "அப்பச் செரி. பேசு கண்ணு, பேசு."

நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். சிரிப்பும் வந்தது. அவர் சொன்ன அடையாளத்தை வைத்து ஆம்புலன்ஸ் நேராகப் பாலத்துக்கே போயிற்று. சைரன் சத்தம் அவர் பொத்தான் வழியாகவே எங்களுக்குக் கேட்டது. கடைசியில் பொத்தான் விடுபட்டது. பாலகோபால் சார், "எல்லா ஸ்டேஷனும் வேலையைப் பாருங்க," என்றார்.

அடுத்து வந்தவர்களின் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மொபெட் சத்தம் கேட்டது. செங்கோட்டையன் இறங்கினார். தோளில் துண்டு இல்லை, சட்டைக்கையில் ரத்தம். எனக்குத் தோள் மரத்துப்போயிருந்தது, ஆனாலும் முகம் மலர நின்றேன். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன்.

மனிதர் என் பக்கமே வரவில்லை. நேராகக் கிணற்றுமேட்டுக்குப் போனார். நூற்று அறுபத்தெட்டாம் மரத்தைத் தடவிப் பார்த்தார், அடியில் குனிந்து மண்ணைக் காலால் நீவினார். அங்கிருந்து வேலி ஓரமாகவே குனிந்து குனிந்து தோட்டத்தைச் சுற்றி வந்தார். புதர்களை விலக்கிக்கூடப் பார்த்தார்.

"என்னங்ணா தேடறீங்க?" என்றேன்.

"சும்மாங்க."

"சும்மாவா? குச்சி அடிச்சிருக்கனான்னுதானே பாக்கறீங்க? நீங்க போனதுல இருந்து இந்தக் கம்பத்தத் தோள்ல தாங்கிட்டு நிக்கறேன். பையில மொளை இருக்குது, சுத்தியல் இருக்குது. ஒண்ணே ஒண்ணு அடிச்சிருந்தா நிம்மதியா உக்காந்திருப்பேன். நம்பி உட்டுட்டுப் போயிருக்கீங்கன்னுதானே அடிக்கலை! இன்னுமா சந்தேகம்?"

அவர் நின்றார். "நம்பி உட்டுட்டுப் போனேன்னு ஆருங்க சொன்னாங்க?"

நான் கம்பத்தை மறுதோளுக்கு மாற்றினேன்.

"நம்பிப் போகலீங்க அம்மணி. நீங்க சர்வேதான்னு நெனச்சுட்டேதான் போனேன். நான் திரும்பி வாரதுக்குள்ள நாலு மூலைக்கும் குச்சி அடிச்சு, மரத்துக்கெல்லாம் மறுபடி நம்பர் போட்டு முடிச்சிருப்பீங்கன்னுதான் போற வழியெல்லாம் நெனச்சேன். அதுக்கு என்னங்க பண்றது? அங்க ஒருத்தன் உழுந்து கெடக்கறான்னு தெரிஞ்சுபோட்டு, மரத்துக்குக் காவலா உக்காந்திருக்க முடியுங்களா? போனாப் போகுது கெணறுன்னுதானுங்க வண்டிய எடுத்தேன்."

காற்றில் கம்பம் ஆடியது. என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. என்னை நம்பினார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் தன் கிணறு போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு அந்தப் பையனின் நெற்றியில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் காலால் பையை முன்னால் இழுத்து, குனிந்து எடுத்து, கட்டில்மேல் தலைகீழாகக் கவிழ்த்தேன். சாப்பாட்டு டப்பா, பேட்டரி, கயிறு, சுத்தியல், இரும்பு முளைகள். எல்லாம் நாடாமேல் கொட்டின. காலையில் யார் கேட்டுக் காட்டமாட்டேன் என்றேனோ அவர் முன்னால்தான் கொட்டினேன். வெட்கமாகவே இல்லை.

அவர் வேண்டாம் என்று மரியாதைக்குக்கூடச் சொல்லவில்லை. முளைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கூர்முனையைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். கடைசி முளை வரைக்கும் பார்த்தார்.

"மண்ணு ஒட்டலீங்க," என்றார்.

"அதத்தாங்ணா நானும் சொன்னேன்."

"சொன்னீங்க. பாத்தது இப்பத்தானுங்க."

முளைகளைப் பையில் போட்டு, கயிற்றைச் சுருட்டி மேலே வைத்தார். பிறகு கட்டிலில் ஏறித் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். கம்பம் நிமிர்ந்தது. நான் தோளைத் தேய்த்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன்.

பள்ளத்திலிருந்து இன்னொரு சைக்கிள் ஏறி வந்தது. நான் வயர்லெஸ்ஸை வாயருகில் கொண்டுபோனேன், ஆனால் அமுக்கவில்லை.

"என்ன நம்பருங்ணா?"

அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துச் சொன்னார். நானும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் பொத்தானை அமுக்கினேன்.